தடையாணை கையில் இருக்கிறது, எதிராளி மீறுகிறார்: என்ன செய்ய வேண்டும்?

கோர்ட்டில் தடையாணை வாங்கிவிட்டால், எதிராளி இடத்தில் கால் வைத்ததும் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். அப்படி நடக்காது. சிவில் கோர்ட் தடையாணையை மீறுவது போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போடும் குற்றம் அல்ல. ஆணை தந்த கோர்ட்டுக்கே நீங்கள் திரும்பப் போக வேண்டும். ஆணை அன்றைக்கு அமலில் இருந்தது, எதிராளிக்கு அது தெரியும், தெரிந்தே மீறினார் என்ற மூன்றையும் காட்டி, தண்டனை கேட்க வேண்டும். இந்த மூன்றுக்கும் வேண்டிய சான்றுகளில் பாதி, மீறல் நடப்பதற்கு முன்பே சேர்க்க வேண்டியவை. அதைச் சேர்க்காததால்தான் நியாயம் உள்ள மனுக்களும் தள்ளுபடி ஆகின்றன.

கீழே உள்ளவை தமிழ்நாட்டு நிலம், வீடு, பாதை வழக்குகளை மனதில் வைத்து எழுதியவை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் ஆணைக்கு வழி வேறு. அது 8-இல் இருக்கிறது.

1. கையில் இருப்பது எந்த ஆணை?

இதைச் சரியாகப் பிரிக்காமல் மனு போட்டால் ஒரு வருஷம் வீண்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது தந்த இடைக்காலத் தடையாணை என்றால் (கோர்ட் தமிழில் ‘இடைக்கால உறுத்துக்கட்டளை’), உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 39, விதி 2ஏ-யின் கீழ் மனு. ஆணை தந்த கோர்ட்டில்தான் போட வேண்டும். வழக்கு வேறு கோர்ட்டுக்கு மாறியிருந்தால் அங்கே.

வழக்கு முடிந்து நிரந்தரத் தடை தீர்ப்பாணையாகிவிட்டது (இறுதித் தீர்ப்பின் கட்டளையாக வந்துவிட்டது) என்றால் 2ஏ செல்லாது. நிறைவேற்றல் மனு, அதாவது இ.பி. போட வேண்டும்: கட்டளை 21, விதி 32. உயர் நீதிமன்றம் ரிட் மனுவில் தந்த ஆணை என்றால் அங்கேயே அவமதிப்பு மனு.

அடுத்து ஆணையின் வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். மூன்று இடங்களில் ஓட்டை இருக்கும்.

தேதி. ‘14ஆம் தேதி வரை இடைக்காலத் தடை’ என்று இருந்து, 14ஆம் தேதி நீதிபதி விடுப்பில் இருந்தால், தடை நீட்டிக்கப்பட்டதாகக் குறிப்பு ஏறியதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் 15ஆம் தேதி எழும்பும் சுவர் மீறலே அல்ல என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிடுவார். ஒவ்வொரு வாய்தாவிலும் ‘தடை நீட்டிப்பு’ என்ற வார்த்தை பதிவானதா என்று இ-கோர்ட்ஸ் செயலியில் 16 இலக்க சி.என்.ஆர். எண் போட்டுச் சரிபாருங்கள்.

சொத்து விவரம். சர்வே எண் மட்டும் இருந்து நான்கு எல்லை இல்லை, அளவு இல்லை என்றால், ‘நான் கட்டியது என் இடத்தில்’ என்ற ஒரு பதில் போதும் அவருக்கு.

‘தற்போதைய நிலை நீடிக்க வேண்டும்’ என்ற ஆணை. எது தற்போதைய நிலை என்று ஆணையில் எழுதியிருக்காது. இரண்டு தரப்பும் நான்தான் அனுபவத்தில் இருக்கிறேன் என்று சொல்லும். இப்படிப்பட்ட ஆணை கிடைத்தால், மீறல் நடக்கக் காத்திராமல் விளக்கம் கேட்டு உடனே ஒரு மனு போடுவது நல்லது.

2. எதிராளிக்கு ஆணை தெரியும் என்பதற்குச் சான்று

எதிர்த்தரப்பைக் கேட்காமல் தந்த ஒருதலைப்பட்ச ஆணை என்றால், கட்டளை 39 விதி 3 உங்கள் மேல் ஒரு கடமையை வைக்கிறது. மனு, பிரமாணப் பத்திரம், வழக்குரை, தாக்கல் செய்த ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் எதிராளிக்கு நேரில் கொடுக்க வேண்டும், அல்லது பதிவுத் தபாலில் உடனே அனுப்ப வேண்டும். அனுப்பினேன் என்று அன்றோ மறுநாளோ கோர்ட்டில் பிரமாணப் பத்திரமும் போட வேண்டும். இதைத் தவறவிட்டால் எதிராளி தடையை நீக்கக் கேட்பதற்கே அது காரணமாகிவிடும்.

2025-இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே கவுன்ட்டரில் பதிவு வசதியோடு, ஒப்புகையும் சேர்த்துக் கேளுங்கள். ரசீது, தபால் வந்து சேர்ந்த விவரத்தின் அச்சு, ஒப்புகை எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். உறை ‘வாங்க மறுத்தார்’ என்று திரும்பி வந்தால் பிரிக்காதீர்கள். அப்படியே கோர்ட்டில் போடலாம். மறுத்ததும் சேர்ந்ததாகவே கொள்ளப்படும்.

கோர்ட் அமீனா (கோர்ட் ஆணைகளை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் ஊழியர்) மூலமும், அதற்கான பேட்டா (படிக்காசு) கட்டி அனுப்புங்கள். சார்வு (ஆணையைச் சேர்ப்பித்தது) பற்றி அவர் எழுதித் தரும் அறிக்கைதான் பிறகு பலமான சான்று. வாட்ஸ்அப்பில் ஆணையின் படத்தை அனுப்பி நீலக்கோடு விழுந்தது துணைச் சான்றாக உதவும். அதை மட்டும் நம்பாதீர்கள்.

கட்டட வேலை நடக்கும் இடமா? கொத்தனார் மேஸ்திரி, ஒப்பந்தக்காரர், இடத்தை வாங்க வருகிறார் என்று காதில் விழும் ஆள் ஆகியோருக்கும் வக்கீல் நோட்டீஸோடு ஒரு நகல் அனுப்புங்கள். வழக்கில் கட்சிக்காரராக இல்லாதவரும், ஆணை தெரிந்தே மீறலுக்கு உடந்தையாக இருந்தால் சிக்குவார். நடைமுறையில் இதன் பெரிய பலன் வேறு: நோட்டீஸ் கிடைத்த மேஸ்திரி பல நேரம் வேலைக்கே வரமாட்டார்.

3. ஆணை கிடைத்த அன்றே இடத்தைப் படம் எடுங்கள்

‘அந்தச் சுவர் ஆணைக்கு முன்பே இருந்தது.’ மீறல் வழக்குகளில் மிக அதிகமாக வரும் பதில் இதுதான். இதை உடைக்க, ஆணை வந்த நாளின் படம் வேண்டும். தேதியும் இருப்பிடமும் படத்திலேயே பதியும் கேமரா செயலியில் நான்கு மூலையிலிருந்தும் எடுங்கள். கிணறு, தென்னை, மின்கம்பம், அளவுக்கல் என்று அசையாத ஒன்று ஒவ்வொரு படத்திலும் தெரிய வேண்டும். பிறகு எடுக்கும் படத்திலும் அதே கம்பம் இருந்தால்தான் நீதிபதியால் ஒப்பிட முடியும்.

இதைவிட நல்லது, ஆணையர் நியமனம். கட்டளை 26 விதி 9-இன் கீழ் ஒரு வக்கீல் ஆணையராக வந்து, சர்வேயர் உதவியோடு அளந்து, வரைபடத்தோடு அறிக்கை தருவார். அவருடைய கட்டணத்தைக் கோர்ட் நிர்ணயிக்கும். பெரும்பாலும் மனு போட்டவர்தான் கட்ட வேண்டும். சில ஆயிரம் ரூபாய் போகும், ஆனால் தடை வழக்கில் இதைவிட உருப்படியான செலவு கிடையாது. புலப்பட நகல், பட்டா, அடங்கல் மூன்றையும் ஆணையர் வரும் நாளுக்கு முன்பே தயாராக வையுங்கள்.

போனில் எடுத்த படமும் வீடியோவும் சான்றாக ஏற வேண்டுமானால், பாரதிய சாட்சிய சட்டம், 2023-இன் பிரிவு 63-இன்படி சான்றிதழ் வேண்டும். 1.7.2024 முதல் இதற்கு இரண்டு பகுதிகள்: முதல் பகுதியில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், இரண்டாம் பகுதியில் தொழில்நுட்பம் தெரிந்த நிபுணர். கோப்பின் ‘ஹேஷ்’ எண்ணையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) குறிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி மாதிரியை அப்படியே தட்டச்சு செய்து தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படிவத்தைப் பார்த்து வாங்குங்கள். படம் எடுத்த போனை விற்காதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள்.

4. மீறல் நடக்கும் நாளில்

வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு மாலைக்குள் கான்கிரீட் போட்டு முடிப்பது பழைய உத்தி. மே மாத விடுமுறையும் அப்படித்தான். விடுமுறை கால கோர்ட் எந்த நாளில் உட்காருகிறது என்று ஏப்ரல் கடைசியிலேயே வக்கீலிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்களே போய் வேலையைத் தடுக்காதீர்கள். கைகலப்பு ஆனால் உங்கள் மேல் ஒரு கிரிமினல் வழக்கு விழும். அதற்குப் பிறகு தடையாணை பின்னுக்குப் போய்விடும். தள்ளி நின்று வீடியோ எடுங்கள்: வேலை நடப்பது, எதிராளி நிற்பது, சிமென்ட் மூட்டை வந்த வண்டியின் எண். எதிராளியின் முகம் தெரிவது முக்கியம். ஆட்கள் மட்டும் இருந்து அவர் இல்லாத வீடியோவைக் காட்டினால், ‘யார் செய்தார்கள் என்றே எனக்குத் தெரியாது’ என்பார்.

அடுத்து 112-க்கு அழையுங்கள், அல்லது ஸ்டேஷனுக்குப் போங்கள். ‘இது சிவில் மேட்டர், கோர்ட்லயே பாத்துக்கங்க’ என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஆனாலும் எழுத்துப் புகாரும் ஆணை நகலும் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பதிவேட்டில் ஏற்றியதற்கான ரசீது) வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள். அன்றைக்கு, அந்த நேரத்தில் மீறல் நடந்தது என்பதற்கு உங்கள் தரப்பைச் சேராத ஒரு பதிவு அது. ரசீது தர மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு (நகரம் என்றால் காவல் ஆணையருக்கு) அன்றே தபாலில் அனுப்புங்கள்.

பக்கத்து வயல்காரர், கடைக்காரர் என்று வேறு யாராவது பார்த்திருந்தால் பெயரை எழுதி வையுங்கள். உங்கள் தம்பி, மைத்துனர் சாட்சியை விட அவர்கள் சாட்சிக்கு எடை அதிகம்.

5. ஒரு மனு போதாது

புதிதாக வருபவர்கள் விழும் பெரிய குழி இது. 2ஏ மனு தண்டனைக்கானது. எதிராளியைச் சிறைக்கு அனுப்பினாலும் சுவர் அப்படியே நிற்கும். ஆகவே மனுக்களைத் தனித்தனியாகப் போட வேண்டும்:

அ) கட்டளை 39 விதி 2ஏ: தண்டனைக்கு.

ஆ) உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 151: மீறிக் கட்டியதை அகற்றி, ஆணை நாளில் இருந்த நிலையை மீட்டுத் தர. தடையை மீறிச் செய்ததைப் பழைய நிலைக்குத் திருப்பும் உள்ளார்ந்த அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு செஞ்சுரி ஃபிளவர் மில்ஸ் வழக்கில் (1975) சொல்லியிருக்கிறது. இந்த வழக்கின் பெயரை உங்கள் வக்கீலிடம் சொல்லிப் பாருங்கள், அவருக்கே தெரிந்திருக்கும்.

இ) பிரிவு 151: போலீஸ் பாதுகாப்புக்கு. சிவில் கோர்ட்டே ஸ்டேஷனுக்கு உத்தரவிடலாம். மீரா சௌஹான் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றிருக்கிறது. ஒருதலைப்பட்ச ஆணையை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டால் பல நீதிபதிகள் தயங்குவார்கள். இரு தரப்பையும் கேட்டு உறுதி செய்த ஆணை என்றால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

ஈ) மீறலுக்குப் பிந்தைய நிலையைப் பார்க்க மறுபடியும் ஆணையர். முதல் தடவை வந்தவரையே கேளுங்கள். இரண்டு அறிக்கையையும் அவரே ஒப்பிட்டுச் சொல்வார்.

அவசரம் ஆ, இ, ஈ மூன்றுக்கும்தான். அ மெதுவாகவே நகரும்.

மனுவில் மீறிய ஆளின் பெயர் வேண்டும். கம்பெனி என்றால் எந்த இயக்குநருக்கு ஆணை தெரியும், யார் வேலையை நடத்தினார் என்று குறிப்பிடுங்கள். அதிகாரி என்றால் பதவியோடு பெயரையும் சேருங்கள். பதவியைச் சிறையில் போட முடியாது.

6. பிரமாணப் பத்திரத்தை எழுதும் விதம்

தோற்கும் பத்திரம் இப்படி இருக்கும்: ‘எதிர்மனுதாரர் மாண்பமை நீதிமன்றத்தின் ஆணையைத் துளியும் மதிக்காமல் தொடர்ந்து மீறி வருகிறார்.’ இதில் குறுக்கு விசாரணைக்கு நிற்கக்கூடிய ஒரு விஷயமும் இல்லை.

நிற்கும் பத்திரம் இப்படி: ‘2.5.2025 தேதியிட்ட தடையாணை 6.5.2025 அன்று அமீனா மூலம் எதிர்மனுதாரரிடம் சார்வு செய்யப்பட்டது. 3.6.2025 செவ்வாய்க்கிழமை காலை சுமார் 7.30 மணிக்கு எதிர்மனுதாரர் நான்கு வேலையாட்களுடன் மனு சொத்தின் வடகிழக்கு மூலையில் கிழமேலாக 22 அடி நீளம், 3 அடி உயரத்துக்கு ஹாலோ பிளாக் சுவர் எழுப்பினார். அப்போது அவர் அங்கேயே நின்றிருந்தார். அன்று ஆணை 20.6.2025 வரை அமலில் இருந்தது.’

ஒவ்வொரு மீறலுக்கும் தனிப் பத்தி. அடியைக் கூட்டிச் சொல்லாதீர்கள். ஆணையர் அறிக்கையில் 14 அடி என்று வந்தால் மற்றதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இணைக்க வேண்டியவை: ஆணையின் சான்றிட்ட நகல் (இணையத்தில் இறக்கிய பிரதி சான்றிட்ட நகல் ஆகாது, நகல் மனு போட்டு வாங்குங்கள்), நீட்டிப்புக் குறிப்புகள், சார்வுச் சான்று, முன்-பின் படங்கள், 63 சான்றிதழ், சி.எஸ்.ஆர்., ஆணையர் அறிக்கை, எதிராளியின் சொத்துப் பட்டியல். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறக்கிறார்கள். ஜப்தி கேட்கிறீர்கள் என்றால் எதை ஜப்தி செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வில்லங்கச் சான்று எடுத்து வையுங்கள்.

7. விசாரணை, தண்டனை, காலம், செலவு

2ஏ மனு சின்ன வழக்கு மாதிரியே நடக்கும். நீங்கள் முதல் சாட்சி. குறுக்கு விசாரணை உண்டு. தண்டனைக்குரியது என்பதால் கோர்ட் வலுவான சான்று கேட்கும். சந்தேகத்தின் பலன் எதிராளிக்குப் போகும். வெறும் மீறல் போதாது, வேண்டுமென்றே மீறியிருக்க வேண்டும் என்று மம்பள்ளி பேக்கரி வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம் சொன்னது.

நிரூபணமானால் எதிராளியின் சொத்தை ஜப்தி செய்யலாம், 3 மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ விதிக்கலாம். ஜப்தி ஒரு வருஷத்துக்கு மேல் நீடிக்காது. அப்போதும் மீறல் தொடர்ந்தால் சொத்தை விற்று, அதிலிருந்து உங்களுக்கு நஷ்டஈடு தரலாம். நடைமுறையில் முதல் மீறலுக்கே சிறை அபூர்வம். எதிராளி மன்னிப்புக் கேட்டு, கட்டியதை இடித்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுப்பதோடு பல மனுக்கள் முடிகின்றன. உங்களுக்கு வேண்டியது அதுதான் என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் எத்தனை நாளுக்குள் இடிப்பார் என்று உத்தரவில் தேதி ஏறட்டும்.

தடையாணை பிறகு ரத்தானாலும் அதற்கு முன் நடந்த மீறல் அழியாது என்று உச்ச நீதிமன்றம் சமீ கான் வழக்கில் (1998) சொன்னது. அதே வழக்கில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: 2ஏ உத்தரவு வருமுன்பே தடை ரத்தாகிவிட்டால் நிலைமை வேறாகலாம். மனுவை இழுத்தடிக்க விடாதீர்கள் என்பது இதனால்தான்.

காலம்: ஆணையரும் போலீஸ் பாதுகாப்பும் சில வாரங்களில் கிடைக்கலாம். 2ஏ முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொண்டே இறங்குங்கள். செலவில் கோர்ட் கட்டணம் சிறியது. ஆணையர், சர்வேயர், நகல், பேட்டா, வக்கீல் ஃபீஸ்தான் பெரியவை. நான்கு மனுவுக்கும் சேர்த்தா, தனித்தனியா என்று ஃபீஸை முதலிலேயே பேசிவிடுங்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், எண் 15100.

தீர்ப்பாணையான நிரந்தரத் தடை என்றால் இ.பி.யிலும் ஜப்தி, சிவில் சிறை இரண்டும் உண்டு. கட்டியதைக் கோர்ட் மூலம் அகற்றி அந்தச் செலவை எதிராளியிடமே வசூலிக்கவும் விதி 32(5) இடம் தருகிறது. நிரந்தரத் தடையை நிறைவேற்றக் காலவரம்பு இல்லை. ஆனால் ‘இந்தச் சுவரை அகற்று’ என்று சொல்லும் செயலுறுத்துக் கட்டளைக்கு 3 வருஷம்தான். இரண்டும் ஒரே தீர்ப்பாணையில் இருப்பதால், காலவரம்பே இல்லை என்று நினைத்து மூன்றாம் வருஷத்தைத் தாண்டிவிடுகிறவர்கள் நிறைய.

உயர் நீதிமன்ற அவமதிப்பு மனு என்றால் மீறல் நடந்து ஒரு வருஷத்துக்குள். தண்டனை 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கீழ்க் கோர்ட் ஆணையை மீறியதற்கும் நேரே அங்கே போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2ஏ இருக்கும்போது, ‘அங்கேயே போங்கள்’ என்று திருப்பி அனுப்புவதுதான் வழக்கம்.

8. குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு ஆணை

இங்கே கணக்கே வேறு. 2005ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 31: பாதுகாப்பு ஆணையையோ இடைக்காலப் பாதுகாப்பு ஆணையையோ மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிரிவு 32-இன்படி இது வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் ஒன்றை வைத்தே குற்றம் நடந்ததாக முடிவு செய்ய இடமுண்டு. ‘சிவில் மேட்டர்’ என்ற பதில் இங்கே செல்லாது. யாராவது சொன்னால் பிரிவு எண்ணைக் காட்டுங்கள்.

ஆணையின் நகல் உங்களுக்கும் ஸ்டேஷனுக்கும் இலவசமாகத் தரப்பட வேண்டும் (பிரிவு 24). ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே போய்ப் பாருங்கள்; மீறல் நடக்கும் இரவில் ‘எங்களுக்கு ஆணையே வரல’ என்ற பதிலைக் கேட்க நேரக்கூடாது. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் கண்காணிப்பாளருக்குத் தபால், அதன் பிறகு நீதித்துறை நடுவர். பாதுகாப்பு அலுவலர் மூலமும் போகலாம். பெண்கள் உதவி எண் 181-க்கு எந்நேரமும் அழைக்கலாம்.

பிரிவு 31 பாதுகாப்பு ஆணைக்கானது. ஜீவனாம்சப் பணம் தரவில்லை என்றால் அதை வசூலிக்கும் வழி வேறு. இரண்டையும் ஒரே புகாரில் குழப்பாதீர்கள்.

9. ஆணை உங்கள் மேல் இருந்தால்

ஆணை தப்பு என்று தோன்றினாலும் ரத்தாகும்வரை கீழ்ப்படியுங்கள். ஒருதலைப்பட்ச ஆணை என்றால் கட்டளை 39 விதி 4-இன் கீழ் நீக்கக் கேட்டு மனு போடலாம். அப்படிப்பட்ட ஆணையின் மேல் கோர்ட் 30 நாளுக்குள் முடிவெடுக்க முயல வேண்டும் என்று விதி 3ஏ சொல்கிறது. மேல்முறையீடு மாவட்ட நீதிமன்றத்துக்கு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். தெரியாமல் மீறிவிட்டால் செய்ததைத் திருத்திவிட்டு, நிபந்தனையில்லாத மன்னிப்பை முதல் வாய்தாவிலேயே போடுங்கள். குறுக்கு விசாரணை முடிந்த பிறகு கேட்கும் மன்னிப்புக்கு மதிப்பு குறைவு.

2ஏ உத்தரவுக்கும் கட்டளை 43-இன் கீழ் மேல்முறையீடு உண்டு. ஆகவே மனு போட்டு வென்ற தரப்பு, உத்தரவு வந்த அன்றே மேல் கோர்ட்டில் கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு தர வேண்டாம் என்ற முன்மனு) போட்டுவிட வேண்டும். அது 90 நாள்தான் நிற்கும். 91ஆம் நாளில் புதிதாகப் போட மறக்காதீர்கள்.